பிரசங்க பீடத்தின் இரு கடன்கள்

கொக்குவிற் சந்தியில் பேருந்துக்குக் காத்து நிற்பவர் அங்குள்ள மதில்களை வாசியாது நிற்றல் அரிது. தனியார் கல்வி நிலையத்தின் சுவரொட்டிக்கும் மரண அறிவித்தலுக்கும் இடையே கிறிஸ்தவ சுகமளிக்கும் கூட்டமொன்றின் விளம்பரம் பெரும்பாலும் இடம்பிடித்திருக்கும். கடன் தீரும், தீராத நோய் தீரும், தடைப்பட்ட வெளிநாட்டுப் பயணம் கைகூடும் என்று வாக்களிப்பது ஒருவகை. முடிவு நெருங்கிவிட்டது, நரகத்தின் வாயில் திறந்திருக்கிறது என்று அச்சுறுத்துவது இன்னொருவகை. இரண்டும் ஒரே மதிலில், ஒரே பசையில் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. சைவர் மதமாற்ற முயற்சி என்று முகஞ்சுளிப்பர். கற்ற கிறிஸ்தவரோ, குறிப்பாகப் பழம்பெரும் திருச்சபைகளைச் சேர்ந்தோர், இவை தம்மைச் சார்ந்தவை அல்ல எனத் தலையைத் திருப்பிக்கொள்வர்.

மதமாற்றம் பற்றிய வழக்கு தனியானது. அது இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. கேட்கவேண்டிய கேள்வி வேறு. அச்சுறுத்தும் அந்தப் போதகர் யாரை அச்சுறுத்துகிறார்? வாக்களிக்கும் அந்தப் போதகர் எதை ஈடாக வைத்து வாக்களிக்கிறார்? முதலாமவரின் எச்சரிக்கை எப்பொழுதும் கூட்டத்துக்கு வராதவனை நோக்கியது. கோயிலுக்குப் போகிறவன், குடிக்கிறவன், வேறு சபைக்குப் போகிறவன் ஆகியோரே நரகத்துக்குரியவர். வாங்கில் அமர்ந்திருப்பவன் தலையை அசைத்து மகிழ்கிறான். இரண்டாமவரின் நம்பிக்கையோ கேட்பவனிடமிருந்து காணிக்கையை அன்றி வேறெதையும் கோருவதில்லை. வெளித்தோற்றத்தில் எதிரெதிரான இவ்விரு பிரசங்கங்களும் ஒன்றையே செய்கின்றன: கேட்பவனை முகஸ்துதி செய்து, வந்தவாறே வீட்டுக்கு அனுப்புகின்றன.

கிறிஸ்தவப் போதகருக்கு இரு கடன்கள் உண்டு. கடுமையான எச்சரிக்கையைத் தன் மந்தைக்குச் சொல்லுதல் ஒன்று; நம்பிக்கையை உரைத்தல் மற்றொன்று. இவற்றை இரண்டு போதகருக்குப் பங்கிட்டுக் கொடுக்க முடியாது. ஒருவரே இரண்டையும் ஒரே பீடத்தில் நின்று, ஒரே மக்களுக்குச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துப் பீடம் இவ்விரண்டையும் பிரித்தெடுத்து விற்கப் பழகிவிட்டது என்பதே குற்றச்சாட்டு. இக்குற்றச்சாட்டு மதிலிற் சுவரொட்டி ஒட்டுவோரோடு நின்றுவிடுவதில்லை.

இதனை அளப்பதற்கான கோலை வெளியிலிருந்து கொண்டுவரத் தேவையில்லை. லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்திலேயே அது உண்டு. சீலோவாம் என்னுமிடத்திற் கோபுரமொன்று விழுந்து 18 பேர் மாண்டனர். இறந்தவர் மற்றையோரிலும் பார்க்கப் பெரும் பாவிகளோ என்ற பேச்சு ஊரில் அடிபட்டிருக்க வேண்டும். இயேசு அதை மறுக்கிறார். மறுத்தவுடன் அமைதியடைந்துவிடாது, மனந்திரும்பாவிடின் உங்கள் கதியும் அதுவே என்று கேட்டுக்கொண்டு நிற்போர் பக்கம் திரும்புகிறார். எச்சரிக்கை செத்தவனுக்கில்லை, உயிரோடு நின்று கதை பேசுகிறவனுக்கே. அதோடும் நில்லாது, காய்க்காத அத்திமரத்தின் கதை உடனே தொடர்கின்றது. மூன்றாண்டு காய்க்காத மரத்தை வெட்டிவிடு என்கிறான் உடையவன். இன்னும் ஓராண்டு விடும், சுற்றிக் கொத்தி எருப்போட்டுப் பார்க்கிறேன் என்கிறான் தோட்டக்காரன். கோடரி அகற்றப்படவில்லை, ஓராண்டு தவணை மாத்திரமே கிடைத்துள்ளது. அந்த ஓராண்டும் வியர்வை சிந்தும் ஆண்டு. கொக்குவிலின் செம்மண்ணிற் புகையிலைக்கும் வாழைக்கும் எருவிட்டுக் கொத்தியவரின் பேரப்பிள்ளைகளுக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல் பொங்கி வந்தது. அதன் பின்னர் அதனைப் பாவத்தின் சம்பளமென்று மேடையேறி விளக்கியோர் பல சமயங்களிலும் இருந்தனர். கிறிஸ்தவத்தில் அவ்வாறு விளக்கியோர் சீலோவாம் பகுதியை வாசித்தவராதல் முடியாது. பிணத்தின் தலைமாட்டில் நின்று செய்யும் எச்சரிக்கை எச்சரிக்கையாகாது. அடிபட்டவனை மீண்டும் அடிப்பதற்கு வேதத்தைக் கைத்தடியாக எடுத்தல் அது.

மறுபுறம், பொய்யான நம்பிக்கையின் இலக்கணத்தை எரேமியாவின் 28ஆம் அதிகாரம் தருகின்றது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனோர் இரண்டே ஆண்டிற் திரும்பிவிடுவர், ஆலயத்துப் பாத்திரங்களும் வந்துவிடும் என்று அனனியா என்பவன் சபை நடுவே முழங்குகிறான். எரேமியாவின் கழுத்திற் கிடந்த மரநுகத்தைப் பிடுங்கி முறித்தும் காட்டுகிறான். நல்ல நாடகம். மக்கள் மகிழ்ந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. எரேமியா சொன்னதோ எழுபது ஆண்டு. அந்நிய மண்ணில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள் என்று சிறைப்பட்டோருக்குக் கடிதமும் எழுதினான். யாழ்ப்பாணத்திலிருந்து ரொறொன்ரோவரை சிதறிக் கிடக்கும் ஓர் இனத்துக்கு இவ்விருவருள் எவன் நண்பன் என்பது இன்று தெரியும். அன்று கைதட்டு வாங்கியவன் அனனியாவே.

இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத மன்னன் கெடுப்பாரின்றியும் கெடுவான் என்ற கருத்தை வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடலில் வைத்துள்ளார். அவரே இனியவை கூறலுக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கினார். இரண்டும் ஒரே நூலில் இருப்பதில் முரண்பாடு எதனையும் தமிழர் காணவில்லை. ஆகவே இக்கடன் மேனாட்டிலிருந்து கப்பலேறி வந்த புதுமை என்று கருதுதற்கில்லை.

கப்பலேறி வந்தது பிரசங்கம் என்ற வடிவம் எனலாம். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கினர். அங்கிலிக்கன், மெதடிஸ்த மிஷன்களும் அக்காலத்தை ஒட்டியே நல்லூரிலும் பட்டினத்திலும் காலூன்றின. வாரந்தோறும் ஒரே இடத்தில், ஒரே கூட்டத்துக்கு, வசனநடையில், வாழ்க்கையை நோக்கிப் பேசும் முறை அவர்களோடு வந்தது. அந்தப் பேச்சின் பெரும்பகுதி அயலானின் விக்கிரகத்தைப் பழித்தலிற் செலவாயிற்று என்பதை மறைப்பதிற் பயனில்லை. தன் கூரையின் ஓட்டையை விட்டு அடுத்த வீட்டுக் கூரையைக் காட்டும் பழக்கம் யாழ்ப்பாணப் பீடத்தின் பிறவிக்குறை.

இவ்விடத்தில் ஒரு முரண்நகை உண்டு. அப்பீடத்தின் வடிவத்தை மிகச் சிறப்பாகக் கற்றுக்கொண்டவர் கிறிஸ்தவரல்லர். பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி, கொக்குவிலுக்குச் சற்றே தெற்கேயுள்ள வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். மிஷனரிமாரைக் கண்டித்தார் என்பதே பாடநூல்கள் கூறுவது. அவர் தம் சொந்த மக்களை அதனிலும் கடுமையாகக் கண்டித்தார் என்பதைப் பாடநூல்கள் மெல்லிய குரலிலேயே கூறும். கோயில் அதிகாரிகளின் முறைகேடு, உயிர்ப்பலி, குருமாரின் அறியாமை என்று அவர் தொட்டவை யாவும் சைவத்தின் உள்வீட்டு விடயங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் நிருவாகத்தோடு அவர் பட்ட பகை ஊரறிந்தது. 1870களின் பஞ்சத்தில் அவரே கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தோருக்கு ஊற்றினார். இடித்துரைத்த வாயும் கஞ்சி வார்த்த கையும் ஒருவருடையனவே. அந்த அளவில், கிறிஸ்தவப் போதகரிற் பலர் செய்யத் தவறியதை நாவலர் செய்தார்.

அந்த அளவில் மாத்திரமே. நாவலரின் இடித்துரை சாதியின் வேலியருகே வந்ததும் நின்றுவிட்டது. வேலிக்கு அப்பால் நிற்போரின் கோயில் வாசல் பற்றி அவருக்குச் சொல்ல ஏதுமிருக்கவில்லை. இருந்த சிலவும் வேலியைப் பலப்படுத்தின. எச்சரிப்பவன் தான் அமர்ந்திருக்கும் கிளையைத் தொடும்போதுதான் அவன் குரலின் மெய்ம்மை தெரியவரும். நாவலரை இதற்காகக் குறைகூறும் கிறிஸ்தவர் அவசரப்பட வேண்டாம். தம் கிளையையும் சிறிது பார்க்கட்டும்.

தமிழ்க் கிறிஸ்தவம் அக்கிளையில் வாளை வைத்த வேளை ஒன்று உண்டு. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டானியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளிற் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டும் எனக் கட்டளையிட்டார். தஞ்சாவூர்ச் சபை கொதித்தெழுந்தது. பெரும் புலவரான வேதநாயக சாஸ்திரியாரே அதை எதிர்த்தோரின் பக்கம் நின்றார். திருவிருந்துப் பாத்திரத்தில் இன்னாருக்குப் பின் இன்னார் வாய்வைப்பதா என்ற கேள்வியிற் பலர் சபையை விட்டே வெளியேறினர். கட்டளையிட்ட முறையில் வெள்ளைக்கார அதிகாரத்தின் திமிர் இருந்தது என்று வாதிடலாம், அது பொய்யுமன்று. ஆயினும் வாங்குகள் வெறுமையாகும் என்று தெரிந்தும் சொல்லப்பட்ட எச்சரிக்கை அது. யாழ்ப்பாணத்துச் சபைகள் இத்தகைய வெறுமையைப் பெருமளவிற் தவிர்த்துக்கொண்டன. படித்த வேளாளக் குடும்பங்களை நம்பி வளர்ந்த மிஷன்கள் அக்குடும்பங்கள் முகம் கோணாதவாறு பேசப் பழகின. ஞானஸ்நானத்தில் எல்லோரும் ஒன்று. கலியாணப் பேச்சில் வேறு வேறு. இது முடிந்த கதை என்று எவரேனும் சொல்வராயின், கிறிஸ்தவ மணமகன் தேவை என்னும் பத்திரிகை விளம்பரங்களில் அதற்கு முன்னால் வரும் சொல்லை அவர் வாசித்துப் பார்க்கட்டும்.

பீடம் பேசத் தவறியதை வெளியே நின்று பேசியவர் இருந்தனர். மானிப்பாயிற் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த ஹண்டி பேரின்பநாயகம் 1924இல் மாணவர் காங்கிரஸைத் தொடக்கினார். பின்னர் அது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. தீண்டாமை எதிர்ப்பு அதன் முதற்கொள்கைகளுள் ஒன்று. 1927 நவம்பரில் அவர்கள் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தனர். வந்தவரோ விருந்தோம்பியவரைப் புகழ்ந்துவிட்டுப் போகவில்லை. மதுவையும் தீண்டாமையையும் அவர்கள் முகத்துக்கு நேரே கண்டித்தார். 1929ஆம் ஆண்டளவிற் பாடசாலைகளிற் சம ஆசன விதி வந்தபொழுது யாழ்ப்பாணம் எவ்வாறு நடந்துகொண்டது என்பது அறிந்ததே. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளை வாங்கில் அமர்வதைப் பொறாது பாடசாலைகள் சில தீயிடப்பட்டன. வாலிபர் காங்கிரஸார் பிள்ளைகளின் பக்கம் நின்றனர்.

1949 முதல் 1960வரை அதே பேரின்பநாயகம் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தார் என்பது ஈண்டு நோக்கற்பாலது. 1910இல் சைவப் பிள்ளைகளுக்கென எழுந்த கல்லூரியொன்று கிறிஸ்தவக் குடும்பத்து மனிதரொருவரைத் தலைமைக்கு ஏற்றது. அவர் அங்கே ஞானஸ்நானம் கொடுக்க முற்பட்டவரல்லர். தம் சமூகத்தைப் பற்றிய கசப்பான உண்மையைச் சொல்வதை நிறுத்தியவருமல்லர். 1931ஆம் ஆண்டுத் தேர்தற் பகிஷ்கரிப்பைப் போன்று அவருடைய இயக்கத்தின் கணிப்புகள் சில பிழைத்தன. பிழைத்தவை பற்றி நூல்கள் உண்டு. ஆனால் கொக்குவிலிற் சுவிசேஷத்தின் மணம் எப்பொழுதாவது வீசியிருக்குமானால் அக்காலத்தில் அக்கல்லூரி முற்றத்திலேயே வீசியிருக்கும், மதிற் சுவரொட்டியில் அன்று.

பீடத்தில் நின்று இரு கடன்களையும் சேர்த்துச் செலுத்தியோர் இல்லாமலில்லை. தெல்லிப்பழையிற் பிறந்த மெதடிஸ்தப் போதகர் டி. ரி. நைல்ஸ் 1948இல் அம்ஸ்ரடாமில், உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதற் பேரவையிற் தொடக்கப் பிரசங்கம் செய்தவர். 1968 யூலையில் உப்சாலாவிற் கூடிய பேரவையில் அப்பிரசங்கத்தைச் செய்யவிருந்தவர் மார்ட்டின் லூதர் கிங். ஏப்ரில் 4ஆம் திகதி கிங் சுட்டுக் கொல்லப்பட்டமையால் அவரிடத்தில் நைல்ஸ் நிற்க நேர்ந்தது. சகலத்தையும் புதிதாக்குதல் என்பது அப்பேரவையின் பொருள். கொலையுண்டவனின் இடத்தில் நின்று புதுமையைப் பற்றிப் பேசுவதென்றால், கொலையை மறந்தும் பேசமுடியாது, கொலையோடு முடித்தும் பேசமுடியாது. நைல்ஸின் பிறந்த ஊருக்கு அயலிலுள்ள மாவிட்டபுரத்திலே, அதே ஆண்டின் அதே காலத்தில், கந்தசுவாமி கோயிற் கதவு ஒடுக்கப்பட்டோருக்கு அடைக்கப்பட்டிருந்தது. ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. உப்சாலாவுக்குப் போன செய்தி மாவிட்டபுரத்து அயற்சபைகளின் கலியாணப் பேச்சுகளுக்குள் எவ்வளவு தூரம் போயிற்று என்ற கேள்வியை நைல்ஸிடம் கேட்பது நியாயமன்று. அவருக்குப் பின் வந்த பீடங்களிடம் கேட்கலாம்.

அடுத்து வருவது யாரும் எழுத விரும்பாத பகுதி.

1987 ஒக்டோபரில் இந்திய இராணுவத்தின் தாக்குதல் தொடங்கியபொழுது கொக்குவிலும் பிரம்படி ஒழுங்கையும் பல்கலைக்கழகச் சுற்றாடலும் அதன் முதல் வாயில் விழுந்தன. பேரின்பநாயகம் அதிபராக இருந்த அதே கொக்குவில் இந்துக் கல்லூரி அகதிமுகாமாயிற்று. எறிகணைகள் அதன்மேலும் விழுந்து அடைக்கலம் புகுந்தோரைக் கொன்றன. அவர் 1977இலேயே காலமாகிவிட்டார். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, மருத்துவ பீட உடற்கூற்றியற் துறைத் தலைவர் றஜனி திராணகம பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த அவர் சகாக்களோடு எழுதிய ‘முறிந்த பனை’ இந்திய இராணுவத்தையும் இலங்கை அரசையும் கண்டித்ததோடு, தமிழ் இயக்கங்களையும் அவற்றுக்குக் கைதட்டிய சமூகத்தையும் இடித்துரைத்தது. சொந்த வீட்டுக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை அது. சுட்டவர் யார் என்பதை ஊர் தாழ்ந்த குரலிற் பேசிற்று. உரத்த குரலிற் பேசவில்லை.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணப் பட்டினத்து முஸ்லிம்களைச் சில மணி நேரத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் பணித்தனர். வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டோர் 70,000க்கும் மேற்பட்டோர் என்பர். அதற்கடுத்த ஞாயிறு நவம்பர் 4ஆம் திகதி. வழமைபோல மணி அடித்திருக்கும். அன்றைய பிரசங்கத்தை இன்று பெருமையோடு நினைவுகூரத்தக்க சபைகள் எத்தனை? சரியாக ஐந்து ஆண்டின்பின், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமமே எழுந்து மழையில் நடந்து தென்மராட்சிக்குப் போயிற்று. கொக்குவிலும் போயிற்று. திகதிகளின் இவ்வொற்றுமையைக் காட்டி, முன்னையதற்குப் பின்னையது தண்டனை என்று கூறும் போதகர் சீலோவாம் கோபுரத்தடியிற் கதை பேசுவோரின் கூட்டத்தவர். அந்த ஒற்றுமையைப் பற்றிப் பேசவே மறுத்து, இடப்பெயர்வின் ஆண்டுநாளை மட்டும் கண்ணீரோடு நினைவுகூரும் போதகர் எசேக்கியேல் சொன்ன காவலாளன். வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாதவன். அவன் கையிலிருந்து இரத்தப்பழி கேட்கப்படும் என்பது அந்நூலின் 33ஆம் அதிகாரம்.

துப்பாக்கி முனையில் வாய்மூடியவனைச் சமாதான காலத்து நாற்காலியிலிருந்து ஏசுதல் எளிது என்று மறுமொழி வரும். அது நியாயமான மறுமொழி. உயிரை விடு என்று இன்னொருவனுக்குக் கட்டளையிட எவருக்கும் உரிமையில்லை. பீடங்களிற் பல அக்காலத்திற் பேச்சைக் குறைத்துச் செயலைக் கூட்டின என்பதும் உண்மை. அகதிகளுக்கு ஆலயக் கதவுகளைத் திறந்தன, அதற்கு விலையும் கொடுத்தன. 1995 யூலை 9ஆம் திகதி நவாலிப் புனித பேதுரு ஆலயத்திற் தஞ்சமடைந்தோர்மீது விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண், எறிகணை வீச்சுக்குள் அகப்பட்ட தம் மக்களை வெளியே கொண்டுவர உழைத்தவர். 2006 ஓகஸ்ட் 20ஆம் திகதி அவரும் அவரோடு சென்றவரும் காணாமற்போயினர். இத்தகையோரைக் குறித்து இங்கே ஒரு சொல்லும் இல்லை. கேள்வி இன்றைய பீடத்துக்கே உரியது. துப்பாக்கி ஓய்ந்தது 2009இல். அன்று அச்சம் காரணம் எனின், இன்று காரணம் என்ன?

இன்று சொல்லப்படும் காரணம் வேறு; அது கருணையின் ஆடையை அணிந்து வருகின்றது. இம்மக்கள் போதுமான அளவு அடிபட்டுவிட்டனர், இனியும் எச்சரிக்கை எதற்கு, ஆறுதல் மாத்திரம் போதும் என்பதே அது. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் யாழ்ப்பாணத்தாரின் மனவடுக்கள் பற்றி எழுதியவற்றை வாசித்தவர் எவரும் இவ்வாதத்தை எள்ளி நகையாட மாட்டார். காணாமற்போன மகனின் படத்தைப் பிடித்து வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்க்குப் பாவத்தைப் பற்றிப் பிரசங்கிப்பவன் மூடன். ஆயினும் அந்தத் தாய்க்கு மகன் நாளையே வருவான் என்று தீர்க்கதரிசனம் உரைத்து எண்ணெய்ப் போத்தல் கொடுப்பவன் யார்? அவனன்றோ அனனியா! ஆறுதல் மாத்திரம் போதும் என்ற கொள்கை வெற்றிடத்தை உண்டாக்கிற்று. அந்த வெற்றிடத்தில் வந்து கடை விரித்தவனே சுவரொட்டிப் போதகன். பழைய சபைகள் அவனை இகழ்கின்றன. அவனுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தவை அவையே.

மேலும், அடிபட்டவன் என்ற ஒரே காரணத்தால் ஒருவன் அடிப்பவன் ஆகாமற் போவதில்லை. கொக்குவில், கோண்டாவில், தாவடிப் பகுதிகளில் வாள்வெட்டுச் செய்தி வராத ஆண்டு அண்மைக்காலத்தில் இல்லை. வாளேந்துவோரிற் பலர் போர் முடியும்போது சிறுவர். போதைப்பொருள் பாடசாலை வேலிவரை வந்துவிட்டது. நுண்கடன் வட்டியில் விழுந்த பெண்கள் வீட்டுக்கு வந்து நிற்கும் வசூலிப்பவருக்கு அஞ்சிப் பின்கதவால் வெளியேறுகின்றனர். வெளிநாட்டுக் காசில் மேல்மாடி எழுகின்றது. அதே ஒழுங்கையில் முதியவர் ஒருவர் தனியே சமைத்துண்கிறார். சீதனமோ வீடு, காணி, காசு, நகை என்று நாற்புறமும் வளர்ந்து, போதகரின் ஆசீர்வாதத்தோடேயே கைமாறுகின்றது. இவற்றுள் ஒன்றையாயினும் பெயர் சொல்லிக் கண்டிக்கும் பிரசங்கம் எத்தனை ஞாயிற்றுக்கு ஒருமுறை கேட்கும்? பாவம் என்ற சொல் பீடத்தில் ஏராளமாகப் புழங்குகின்றது. சீதனம் என்ற சொல் புழங்குவதில்லை. முன்னையது எவரையும் சுடாது. பின்னையது முன்வரிசையிற் காணிக்கைப் பை ஏந்தி நிற்பவரைச் சுடும்.

பொதுப்பெயரிற் கண்டித்தல் கோழைகளின் கலை. இதனைக் கிறிஸ்தவப் பீடம் மட்டும் பயின்றது என்று கொள்ளவேண்டாம். பல்கலைக்கழக மேடைகளும் அதிற் கைதேர்ந்தவையே. ஆனால் பீடத்துக்கு ஒரு விசேட பொறுப்புண்டு. நம்பிக்கையை வழங்குவதாகச் சொல்லும் தொழில் அதனுடையது. நோயைப் பெயர் சொல்லாத வைத்தியன் கொடுக்கும் மருந்தை எவ்வாறு நம்புவது? சீதனம் வாங்காத கலியாணம் ஒன்றைத் தன் சபையிற் செய்து வைக்கும் போதகன், அவ்வொன்றினால் நூறு பிரசங்கத்துக்கு ஈடான நம்பிக்கையைக் கொடுக்கிறான். வாளைக் கீழே போட்ட இளைஞனுக்குத் தன் சபையாரின் தொழிலகத்தில் வேலை கேட்டு அலையும் போதகனும் அவ்வாறே. அலைச்சல் இல்லாத நம்பிக்கை விளம்பரமே.

எரேமியா நம்பிக்கையை உரைத்த விதம் அந்நூலின் 32ஆம் அதிகாரத்தில் உண்டு. யாழ்ப்பாணத்தாருக்கு அதனிலும் நன்றாக விளங்கக்கூடிய அதிகாரம் வேதாகமத்தில் வேறில்லை. நகரம் முற்றுகையில் இருக்கின்றது. வீழ்ச்சியை முன்னுரைத்த குற்றத்துக்காகத் தீர்க்கதரிசி காவலில் இருக்கின்றான். அந்நிலையில் ஆனதோத்திலுள்ள உறவினனின் காணியை அவன் 17 சேக்கல் வெள்ளிக்கு விலைக்கு வாங்குகிறான். பகைவன் படை நிற்கும் நாட்டிற் காணி! சாட்சிகளை வைத்து, உறுதி எழுதி, முத்திரையிட்டு, நெடுநாள் இருக்கும்படி அதை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறான். இத்தேசத்தில் மீண்டும் வீடும் நிலமும் கொள்ளப்படும் என்பதற்கு அவன் காட்டிய அத்தாட்சி அது. வீழ்ச்சி வரும் என்ற எச்சரிக்கையை அவன் மீட்டுக்கொள்ளவுமில்லை. அது வந்தும் விட்டது.

வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் ஊர்களை விட்டு எழுந்தபொழுது பலர் கொண்டுவந்தது உடுதுணியும் காணி உறுதியும் மாத்திரமே. உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட அந்நிலங்களில் ஒருபகுதி 2009இன் பின்னர் படிப்படியாகத் திரும்பியது. காத்திருந்தோரிற் சிலர் அதற்குள் இறந்தனர். உறுதிகள் பொலித்தீன் பைகளில் முகாமுக்கு முகாம் போய், கொக்குவிலில் வாடகைக்கு எடுத்த அறைகளின் பெட்டகங்களிலும் கிடந்தன. அத்தகையோர் இன்னும் சபை வாங்குகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் முன்னே 32ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு விசாவைப் பற்றிப் பேசத் தொடங்கும் போதகர், அந்தப் பைகளை ஒருமுறையாவது அவிழ்த்துக் காட்டும்படி கேட்கட்டும். பின்னர் சோனகத் தெருவிலிருந்து போனவர்களும் அத்தகைய பைகளோடுதான் போனார்கள் என்பதை அதே பீடத்திலிருந்து சொல்லட்டும்.